முதுகுக்குப் பின்னால் ஒரு மோடா

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்நேரம் ஏதோ ஓர் அலுவலகத்தில் யாருடைய முதுகுக்குப் பின்னாலோ சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். பெயரைச் சொல்லிவிட்டால் அந்த ஆள் திரும்பிப் பார்ப்பார், இவர் பிழைப்பு கெட்டுவிடும்.

அவருடைய தொழிலே அதுதான். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களின் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் எங்கே முழிக்கிறார்கள் என்று பார்ப்பது. அதற்காகவே ஒரு மோடா வைத்திருந்தார். டெல்லிச் சாலையோரங்களில் அடுக்கிவைத்து விற்பார்களே, நாணல் தட்டையும் கயிறும் கொண்டு உடுக்கை வடிவத்தில் பின்னிய, சாய்மானம் இல்லாத இருக்கை, அது. நேரு பிளேஸில் எங்கள் அலுவலகத்தின் மூன்று மாடிகளிலும் அந்த மோடாவைக் குடம்போல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறி இறங்குவார்.

"நல்ல சுழல் நாற்காலி தரச் சொல்றேனே மேடம்" என்றேன் முதல் நாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. அதுல உக்காந்தா அதிகாரி மாதிரி இருக்கும். தாழ உக்காந்தாத்தான் ஆளுக பயப்படாம தப்பு பண்ணுவாவ."

திருநெல்வேலிக்காரர். டெல்லிக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் நாக்கு தாமிரபரணியை விட்டு நகரவில்லை. என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் அலுவலகத்தின் பஞ்சாபிக்காரர்கள் எல்லோரும் அதை என் பட்டப்பெயர் என்று நினைத்து, 'அன்னாச்சி ஜி' ஆக்கிவிட்டார்கள். குளிர்காலம் ஆரம்பித்ததும் மேடம் குரங்குக் குல்லாய்க்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவருடைய கண்ணும் மூக்கும் மட்டும்தான் அலுவலகத்துக்கு வந்தன.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் கதை நகராது. குளிர்பதனக் கிடங்குகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். ஒருநாள் பிரிண்டரில் சிக்கிய தாளை நான் பதமாக உருவியதை இயக்குநர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து நான் தொழில்நுட்பம் தெரிந்தவன். வட இந்தியா முழுக்க இருக்கும் எங்கள் கிளை ஆட்கள், தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஓர் உள்வலைத்தளம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது, அந்தப் பொறுப்பு நேராக என் தலையில் வந்து உட்கார்ந்தது.

எல்லோரும் அதைப் போர்ட்டல் என்றார்கள். நான் கட்டிய போர்ட்டலில் இயக்குநரின் படம் இருந்தது. அதன் கீழே தினம் ஒரு பொன்மொழி. பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களின் படங்கள் பலூனோடு மிதந்து போகும். எல்லாவற்றுக்கும் அடியில் 'கேளுங்கள், சொல்லுங்கள்' என்று ஒரு பக்கம். அதில் யாரும் கேட்கவில்லை. அதனால் யாரும் சொல்லவும் இல்லை. நாலு மாதம் அது துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டுபோல இருந்தது.

பதற்றம் வந்தால் எனக்கு ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதாகத் தோன்றும். குனிந்து கட்ட ஆரம்பித்துவிடுவேன். மேசைக்கு அடியில் இருக்கும்வரை யாரும் கேள்வி கேட்க முடியாது. "போர்ட்டல் எப்படிப் போகுது?" என்று இயக்குநர் கேட்ட அந்தக் காலத்தில், என் ஷூ லேஸைப்போல் கச்சிதமாகக் கட்டப்பட்ட லேஸ் தலைநகரில் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

போர்ட்டலைச் சரிசெய்ய மூன்று மாத ஒப்பந்தத்தில்தான் அவர் வந்தார். அவருக்குப் படம்காட்ட நான் அறுபது பக்கத்துக்கு ஒரு பிரசன்டேஷன் தயாரித்திருந்தேன். இரண்டாவது பக்கத்திலேயே கையைத் தூக்கினார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு எத்தன நாள் லீவு பாக்கி?"

"இருக்கும் மேடம், ஒரு பத்துப் பன்னண்டு."

"காட்டுங்க."

இதுதான் அவர் வார்த்தை. விளக்கினால் கேட்கமாட்டார். காட்டவேண்டும். நான் கட்டிய போர்ட்டலில், என்னுடைய லீவுக் கணக்கை நான் தேட ஆரம்பித்தேன். பின்னால் மோடா ஒருமுறை கிறீச்சிட்டது, அதன்பின் சத்தமில்லை. என் பொன்மொழி வந்தது, பலூன் வந்தது, இயக்குநர் இரண்டு முறை சிரித்தார். லீவு வரவில்லை. காதில் வியர்த்தது. மனிதனுக்குக் காதில் வியர்க்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் இன்டர்காமை எடுத்து, ஊழியர் பிரிவு மல்ஹோத்ரா ஜியைக் கேட்டேன். ஒன்பது நாள் என்றார்.

"ஒம்பது மேடம்!" என்று வெற்றிகரமாகத் திரும்பினேன்.

"சரி" என்று நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'போன் பண்ணினார்' என்று இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவருடன் வெளியே போவதும் கஷ்டம். ஒருநாள் மயூர் விஹாரிலிருந்து நான் வரும்போது லாஜ்பத் நகரில் மெட்ரோ மாறும் இடத்தில் நின்றிருந்தார். டிக்கெட் மிஷின் முன்னால் ஒரு பெரியவர் திணறிக்கொண்டிருந்தார். நான் உதவப் போனேன். மேடம் என் பையின் வாரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"ஒரு நிமிசம் பொறுங்க. அவரு எங்க போயி நிக்காருன்னு பாப்பம்."

"பாவம் மேடம், வயசானவர்!"

"பாவந்தான். நீங்க இன்னைக்கு ஒருத்தருக்கு அமுக்கிக் குடுத்துருவிய. நாளைக்கு வாரவருக்கு?"

பெரியவர் மூன்றாவது முறையும் தவறான இடத்தை அமுக்கியபிறகு, மேடமே போய் டிக்கெட் எடுத்துக்கொடுத்தார். அந்த மூன்று முறையும் அவர் கண் சிமிட்டவில்லை. எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஒரு மனிதர் தடுமாறுவதை இவ்வளவு அமைதியாகப் பார்க்க எப்படி முடிகிறது?

அலுவலகத்தில் அவர் முதலில் பார்த்தது கம்ப்யூட்டர்களை இல்லை, மேசைகளை. எங்கள் மேசைகளின்மேல் கண்ணாடி போட்டிருக்கும். கண்ணாடிக்கு அடியில் ஆளுக்கொரு உலகம்: வைஷ்ணோ தேவி, பிள்ளையின் பள்ளிக்கூடப் படம், விடுமுறைப் பட்டியல், போன் நம்பர்கள், எந்தப் படிவத்துக்கு யார் கையெழுத்து என்று எழுதிய துண்டுச் சீட்டுகள். மல்ஹோத்ரா ஜியிடம் போய், "போர்ட்டல் பாக்கியளா?" என்பதை இந்தியில் கேட்டார். "ரோஜ்! தினமும் பார்க்கிறேன், ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார் அவர். மோடா பின்னால் போய் உட்கார்ந்தது. அரை மணி நேரத்தில் மல்ஹோத்ரா ஜி போர்ட்டலை ஒருமுறை திறந்து மூடினார், கண்ணாடியைப் பதினோரு முறை குனிந்து படித்தார்.

மூன்று மாடிக் கண்ணாடிகளையும் படம் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். "அண்ணாச்சி, உங்க ஆபீசுக்குப் போர்ட்டல் ஏற்கெனவே இருக்கு. கண்ணாடிக்கு அடியில கெடக்கு."

அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு ஷூ லேஸ் அவிழ்ந்தது. மல்ஹோத்ரா ஜியின் கண்ணாடிக்கு அடியில் சிவப்பு மையில் ஒரு சீட்டு: 'குழந்தை பிறந்தால் முப்பது நாளுக்குள் காப்பீட்டில் பெயர் சேர்க்கணும். தவறினால் அடுத்த வருஷம்தான்.'

ஏன் அவிழ்ந்தது என்று சொல்லவேண்டுமானால், திவாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

திவாரி, போபால் கிளை. அரோரா, லூதியானா. போரா, குவாஹாத்தி. இப்படி ஆறு பேர். ஆறு பேரும் நான்தான். அவர் வந்து சேருவதற்குச் சில வாரங்கள் முன்னால், 'கேளுங்கள், சொல்லுங்கள்' பக்கம் காலியாக இருப்பதைத் தாங்கமுடியாமல், சோதனைக் கணக்குகள் ஆறு உண்டாக்கி, நானே கேட்டு நானே சொல்ல ஆரம்பித்தேன். அரோரா பணிவானவர், 'மன்னிக்கவும், சிறு சந்தேகம்' என்று ஆரம்பிப்பார். போரா கொஞ்சம் மக்கு. திவாரிக்குத் தெரியாததே இல்லை. எனக்குத் தெரிந்த கேள்விகளுக்கு நான் பதில் சொன்னேன், தெரியாத கேள்விகளுக்குத் திவாரி சொன்னார். ஒருமுறை திவாரியும் போராவும் கம்ப்ரசர் எண்ணெய் விஷயத்தில் சண்டைகூடப் போட்டார்கள். நான்தான் சமாதானம் செய்துவைத்தேன்.

இயக்குநருக்கு ஒரே மகிழ்ச்சி. "அன்னாச்சி ஜி, யே திவாரி கமால் கா ஆத்மி ஹை! அசாத்தியமான ஆள்! வருஷாந்திரக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. மேடையில சால்வை போடறேன்."

அன்று மதியம் முழுக்க நான் திவாரிக்கு என்ன நோய் வரவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை விஷயத்தில் அரோரா பணிவாகக் கேட்டிருந்தார். திவாரி பதில் எழுதியிருந்தார்: 'கவலை வேண்டாம் நண்பரே. குழந்தை பிறந்த அன்றே காப்பீட்டில் தானாகச் சேர்ந்துவிடும். பெயரை வருஷக் கடைசியில் கொடுத்தால் போதும்.' ஆறு பேர் அதைப் பாராட்டியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் நிஜம்.

சிவப்புச் சீட்டைப் பார்த்த அன்றே அந்தப் பதிலை மாற்றியிருக்கவேண்டும். மாற்றினால் யாராவது கவனிப்பார்கள், கவனித்தால் திவாரியைத் தேடுவார்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த திங்கட்கிழமையும் வந்து போனது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம், "வாங்க அண்ணாச்சி, ஓக்லாவுக்குப் போவம்" என்றார். ஓக்லாவில் எங்கள் பணிமனை. எனக்கும் ஒரு மோடா இரவல் வாங்கிவைத்திருந்தார். போகிற வழியில் ஒரே ஒரு நிபந்தனை: "நீங்க வாயத் தொறக்கப்படாது. என்ன நடந்தாலும்."

பணிமனையில் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர். எண்ணெய்க் கை படாமலிருக்க விசைப்பலகைக்குப் பாலிதீன் உறை போட்டிருந்தது. முருகன் என்ற டெக்னீஷியன் வந்து உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். விழுப்புரத்துப் பெற்றோர், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லியில். தமிழ் பேசுவார், படிக்க வராது.

"இந்த வாரம் உங்களுக்கு நெசமாவே என்ன தேவையோ, அதத் தேடுங்க தம்பி. நாங்க இங்க இல்லன்னு நெனச்சுக்கிடுங்க."

முருகன் சிரித்தார். "எனக்குப் பையன் பொறந்திருக்கான் மேடம். ட்வென்டி எய்ட் டேஸ் ஆச்சு. ஹெர்னியா இருக்கு. சோட்டா ஆபரேஷன்தான், அடுத்த மாசம் பண்ணலாம்னு டாக்டர் சொல்லிச்சு. கம்பெனி இன்சூரன்ஸ்ல பேரு எப்படிப் போடறதுன்னு பாக்கணும்."

குனிந்தேன். அன்று நான் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

முருகன் ஒரு விரலால் தட்டித் தேடினார். பலூன்கள் போயின. கடைசியில் திவாரி வந்தார். முருகன் அந்த இந்தியை உதடசைத்துப் படித்தார். முகம் தெளிந்தது.

"அச்சா, ஆட்டோமேட்டிக்கா! டென்ஷன் கதம்." எழுந்துகொள்ளப் போனார்.

நான் மேடத்தைப் பார்த்தேன். லாஜ்பத் நகரில் அந்தப் பெரியவரைப் பார்த்தாரே, அதே பார்வை. ஆனால் இந்த முறை பார்த்துக்கொண்டிருந்தது முருகனை இல்லை, என்னை. நான் எங்கே போய் நிற்கிறேன் என்று பார்த்தார்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். ஆமாம், போனேன். குழாயடியில் நின்று, முருகன் வேறு யாரையாவது கேட்டுக்கொள்வார் என்று எனக்கே நாலு முறை சொன்னேன். அவர் ஏன் கேட்கவேண்டும்? திவாரிதான் நண்பரே என்று சொல்லிவிட்டாரே. இருபத்தெட்டு நாள். நாளைக்குச் சனி, தலைமை அலுவலகம் பூட்டியிருக்கும். மறுநாள் ஞாயிறு. அதோடு முப்பது முடிந்தது.

திரும்பி வந்தேன். முருகன் ஸ்பேனரைக் கையில் எடுத்திருந்தார்.

"முருகன், அந்தப் பதில் தப்பு. முப்பது நாளுக்குள்ள பேர் சேக்கணும். இன்னைக்கே."

"இதுல போட்டிருக்கே சார். போபால் திவாரி சார் போட்டிருக்காரு."

"திவாரி நான்தான்."

முருகன் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீங்க மதராஸி சார். எப்படி திவாரி?"

அதற்கு மேல் அவருக்கு விளக்க நேரமில்லை. மணி நாலு. படிவத்தை என் போர்ட்டலில் தேடினோம். கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மல்ஹோத்ரா ஜிக்குப் போன் போட்டேன். "ஒரு நிமிஷம்" என்றார். கண்ணாடியைத் தூக்கும் சத்தம் போனில் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் அன்று கோயில் மணியின் மரியாதை கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழ் வராவிட்டால் பரவாயில்லை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு போதும், ஐந்தரைக்குள் மெயிலில் வந்தால் இன்றைய தேதியிலேயே ஏற்றிவிடுவேன் என்று படித்துப் படித்துச் சொன்னார். டிஸ்சார்ஜ் சீட்டு முருகன் போனில் இருந்தது, பையனின் இருநூறு படங்களுக்கு நடுவே. அதைத் தேடும்போது இருநூறையும் எனக்குக் காட்டினார். ஐந்து பத்துக்கு அனுப்பினோம். ஐந்து இருபத்தைந்துக்கு, 'ஹோ கயா', முடிந்தது என்று பதில் வந்தது.

இத்தனை நேரமும் மேடம் மோடாவை விட்டு எழவில்லை. பொட்டலத்திலிருந்து வறுத்த கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். பொட்டலம் காலியாகியிருந்தது, அவ்வளவுதான் அவர் பதற்றத்துக்குச் சாட்சி.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "திவாரி விஷயம் எப்ப மேடம் தெரியும்?"

"வந்த மொத வாரமே. ஆறு பேரையும் பாஸ்வேர்டையும் எழுதி, உங்க கண்ணாடிக்கு அடியிலதான வச்சிருக்கிய."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! நான் வாயே திறக்காம இருந்திருந்தா?"

"அஞ்சரைக்கு அஞ்சு நிமிசம் முன்னால நான் தொறந்திருப்பேன்." கொஞ்ச தூரம் போனதும், "முருகன் பையன் விசயம் தெரிஞ்சுதான் இன்னைக்கு உங்களக் கூட்டிட்டு வந்தேன். மல்ஹோத்ராட்ட காலையிலேயே சொல்லி வச்சிருந்தேன், யாராச்சும் போன் பண்ணுவாவன்னு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "என்னை வச்சு நாடகம் பார்த்தீங்களா?"

"கோவப்படாதிய அண்ணாச்சி. ஆளு எங்க போயி நிக்காருன்னு நான் பாக்கணும்லா. சொல்லுங்க, அரோரா கேட்டாரே, அந்தக் கேள்வியெல்லாம் யாரு சந்தேகம்?"

யோசித்தேன். லீவு எப்படிப் பார்ப்பது, பயணப் படிவத்துக்கு யார் கையெழுத்து, பழைய பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது... எல்லாம் என் சந்தேகங்கள்.

"உங்க பேருல ஏன் கேக்கல?"

"பதினெட்டு வருஷமா இங்க இருக்கான், இதுகூடத் தெரியலையான்னு நினைப்பாங்க மேடம்."

அவர் குல்லாயை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார். "அதான் அண்ணாச்சி. கேள்விப் பக்கத்தக் கட்டுன மனுசனுக்கே அவர் பேருல கேக்கக் கூச்சமா இருக்கு. பெறவு ஓக்லாக்காரன் எப்படிக் கேப்பான்?" ஆட்டோ குலுங்கக் குலுங்க அதை எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை என் மேசைக்குப் பின்னால் மோடா கிறீச்சிட்டது. அவர் எதுவும் கேட்கவில்லை. நான் என் பெயரில், என் படத்தோடு எழுதினேன்: 'போபால் திவாரி சொன்னது தவறு. போபாலில் திவாரி இல்லை. அது நான்தான். குழந்தை விஷயத்தில் அவரை நம்பியவர்கள் யார்? எனக்கு உடனே சொல்லுங்கள்.' பதிவிடும் பொத்தானின்மேல் விரல் எவ்வளவு நேரம் நின்றது என்பது அவர் நோட்டில் இருக்கும்.

இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவருக்கு நாள் இருந்தது. இன்னொருவருக்குக் கடந்துவிட்டிருந்தது. அவருக்காக இயக்குநர் அறை வாசலில் நானும் மல்ஹோத்ரா ஜியும் நின்றோம். இயக்குநர் என்னைத் திட்டியதை இங்கே எழுதினால் பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிடுவார்கள். திட்டி முடித்து, காப்பீட்டுக்காரர்களுக்கு அவரே பேசி, சிறப்பு அனுமதி வாங்கிக்கொடுத்தார். மேடையில் சால்வை யாருக்கும் இல்லை என்றாகிவிட்டது. வேலை போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஆச்சரியம் அதற்கடுத்த வாரம். அந்தப் பதிவுக்குக் கீழேயே ஆட்கள் தங்கள் பெயரில் கேட்க ஆரம்பித்தார்கள். அன்னாச்சியே இவ்வளவு பெரிய முட்டாள் என்றால் நாம் கேட்பதில் என்ன என்று தோன்றியிருக்கவேண்டும். மேடம் பலூன்களை எடுத்தார், பொன்மொழியை எடுத்தார். கண்ணாடிக்கு அடியிலிருந்த சீட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக முகப்பில் ஏற்றினார், எழுதியவர் பெயரோடும் கடைசியாகச் சரிபார்த்த தேதியோடும். நடுவில் பெரிதாக ஒரு பொத்தான்: 'பதா நஹீ', தெரியவில்லை என்று இந்தியில். அமுக்கினால் கேள்வி, அதற்கான பதிலைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிற ஆளிடம் நேராகப் போகும். திறந்துவைத்த அன்று முதலில் அமுக்கியவர் இயக்குநர். தனக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்று அவருக்கும் தெரியவில்லை.

ஒப்பந்தம் முடிந்த அன்று மேடத்துக்கு ஊருக்கு ரயில். அவரே அந்தப் பொத்தானை அமுக்கி, தன் பெயரில் கேட்டிருந்தார்: 'நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு இங்கிருந்து எப்படிப் போகணும்?' இருபது வருஷம் டெல்லியில் இருந்தவருக்கு அது தெரியாமலா? ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது. 'மேடம் நான் வரேன். – முருகன், ஓக்லா.'

பைக்கோடு வந்தார். பையனுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்திருந்தது. வாசலிலேயே இன்னும் எண்பது படங்கள் காட்டினார். மேடம் குரங்குக் குல்லாய்மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தோளில் பை, மடியில் மோடா என்று பின் இருக்கையில் ஏறினார்.

"வரட்டா அண்ணாச்சி? கண்ணாடியத் தொடச்சு வையுங்க."

வண்டி கிளம்பி, சாலை பிரியும் இடத்தில் ஒரு கணம் தயங்கி நின்றது. முருகனின் தலை இடமும் வலமும் திரும்பியது. பின்னாலிருந்து மேடம் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. வழி அவருக்குத் தெரியும். ரயிலுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. எனக்குத்தான் இங்கே நின்று காதில் வியர்த்தது.

அவர் வாய் திறக்கவில்லை.